பந்து தலைவர் பக்கமே போகட்டும்

தேசிய அணியின் பயிற்சியாளரையே வேலைக்கு எடுத்துவிடுவது என்று அந்தக் கல்லூரியின் நிர்வாகக் குழு ஒருமனதாக முடிவெடுத்தபோது, கல்லூரியில் வாலிபால் ஆட ஓர் இடம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. குழுவைப் பொறுத்தவரை வாலிபால் என்பது எதிர்ச்சாரியில் இருந்த கல்லூரிக்குச் சொல்லவேண்டிய பதில். அது ஒரு விளையாட்டும்கூட என்பது பின்னால்தான் தெரியவந்தது.

எதிர்ச்சாரிக் கல்லூரிக்காரர்கள் ஒரு முன்னாள் நீச்சல் வீரரைப் பிடித்துப் போட்டு, அவர் முகத்தை மூன்று மாடி உயரத்துக்கு பேனரில் தொங்கவிட்டிருந்தார்கள். குழுத் தலைவரின் அறை ஜன்னல் அதற்கு நேர் எதிரே. காலையில் வந்து உட்கார்ந்ததும், ஈரத் தலையோடு சிரிக்கிற அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. டாக்டர் அல்சர் என்றார். தலைவருக்கு உண்மை தெரியும்.

"அவங்க முன்னாளை வச்சிருக்காங்க. நாம இந்நாளைக் கொண்டு வருவோம்," என்றார் கூட்டத்தில். குழு மேசையைத் தட்டி ஆமோதித்தது.

அந்த இந்நாள்தான் கோச்சக்கா. தேசியப் பெண்கள் அணியின் பயிற்சியாளர். அவளிடம் ஆடிய பெண்கள் எல்லாரும் அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சமிருந்தது. முகாம் முகாமாக ஊர் சுற்றியதில் அவள் மகள் பாதி போனிலேயே வளர்ந்து ஆளாகியிருந்தாள். கணவர் பல் டாக்டர். "வீட்டுச் சாவியை எங்க மாட்டுவோம்னு உனக்கு இப்பத் தெரியுமா?" என்று அவர் ஒருநாள் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. கல்லூரி அதே ஊரில் இருந்தது. சரி என்றாள்.

நேர்காணலுக்கு ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அணியை எப்படித் தயார் செய்வாள் என்று விளக்கப் படங்களோடு போயிருந்தாள். பையைத் திறக்கவே விடவில்லை.

"தேசிய கோட்டு நீங்களே வச்சிருக்கீங்களா, நாங்க தைக்கணுமா?" என்று கேட்டார் முதல்வர்.

கணக்கு அதிகாரி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். "எனக்கு ஒரு சந்தேகம் மேடம். ஒரு பக்கம் ஆறு பேர். பந்து ஒண்ணு. ஒருத்தர் கையில பந்து இருக்கிறப்ப மத்த அஞ்சு பேரு என்ன பண்ணிட்டு இருப்பாங்க?"

"பந்து கையில இருக்காது சார். பிடிச்சா தப்பு."

"பிடிக்கவே கூடாதா! அப்ப எதுக்கு ஆறு பேரு?"

குழு அதிகாரியின் கூர்மையை வியந்து தலையாட்டியது. கோச்சக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் தன் சொல்தான் நிற்க வேண்டும். தலைவர் நெஞ்சில் கை வைத்து எழுந்தே நின்றுவிட்டார். "இந்த விஷயத்துல உங்க வார்த்தைதான்மா கடைசி வார்த்தை."

அவர் பொய் சொல்லவில்லை. அதன்பிறகு நடந்த எல்லாக் கூட்டங்களிலும் அவள் வார்த்தை கடைசியாகத்தான் கேட்கப்பட்டது. பெரும்பாலும் டீக்கப்புகளை எடுத்துக்கொண்டு போன பிறகு.

வேலையில் சேர்ந்த அன்று கோச்சக்காவைத் திறந்த ஜீப்பில் ஏற்றிக் கல்லூரியைச் சுற்றிவந்தார்கள். அவள் பேனர் நான்கு மாடி உயரம். அதில் அவள் சிரித்துக்கொண்டிருக்க, மேலே வட்டத்துக்குள் தலைவர் அவளைவிடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ஊர்வலம் முடிந்ததும் அவள் மைதானத்தைக் காட்டச் சொன்னாள்.

மைதானம் இருந்தது. ஐந்நூறு பேர் உட்காரும் உள்ளரங்கமே இருந்தது. பூட்டியிருந்தது.

"திறப்பு விழாவுக்கு அமைச்சர் தேதி குடுக்கணும் மேடம்," என்றார் முதல்வர்.

"விழா நடக்கட்டும் சார். அதுவரைக்கும் பிள்ளைங்க உள்ள பயிற்சி எடுக்கலாமே?"

முதல்வர் பதறிப்போனார். "உள்ள போயிட்டா அது திறந்ததா ஆயிடுமே! திறந்ததை அமைச்சர் எப்படித் திறப்பார்?"

கண்ணாடிக் கதவு வழியாக அவள் எட்டிப் பார்த்தாள். தரை முழுக்க வெள்ளைப் பளிங்கு. தலைவர் தன் வீட்டு ஹாலுக்குப் போட்டதையே இங்கேயும் போடச் சொல்லியிருந்தார். மேலே தொங்கிய விளக்குகள் ஒவ்வொன்றும் தரையில் இன்னொரு முறை எரிந்தன.

"இதுல கால் வச்சா வழுக்குமே சார்?"

"அதுதான் மேடம் அதோட அழகே," என்றார் முதல்வர் பெருமிதத்தோடு.

ஆக, தேசியப் பயிற்சியாளரின் பயிற்சி பஸ் ஷெட்டில் நடந்தது. காலையில் பஸ்கள் கிளம்பிப்போன பிறகு கிடைத்த இடைவெளியில், தரையெல்லாம் டீசலும் எண்ணெயும் பிசுபிசுக்க, இரண்டு தூண்களுக்கு நடுவே வலை கட்டினாள். முதல் வாரம் பெண்கள் ஆடியதைவிட விழுந்தது அதிகம். பிறகு விழாமல் நிற்கக் கற்றுக்கொண்டார்கள். பெருவிரலை அழுத்தி, முட்டியை மடக்கி, எண்ணெய்மேல் ஓடவே கற்றுக்கொண்டார்கள்.

அதுவும் தினமும் நடக்கவில்லை. வருகிற விருந்தாளிக்கெல்லாம் அவளைக் காட்ட வேண்டியிருந்தது. வங்கி மேலாளர் வந்தால் கோட்டு மாட்டிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்த இன்ஜினியருக்கும் அவளைக் காட்டினார்கள். அட்மிஷன் நேரத்தில் கவுன்ட்டருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். "இவங்கதான் தேசியக் கோச். பையனுக்கு காமர்ஸ்ல ரெண்டே சீட்தான் இருக்கு, யோசிச்சுட்டே இருக்காதீங்க," என்று குமாஸ்தா ஒரே மூச்சில் சொல்வார். பெற்றோர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். கோச்சக்கா கத்துகிறவள் இல்லை. எதிரணி ஏமாற்றி ஒரு புள்ளி எடுத்தால்கூட வாயைத் திறக்க மாட்டாள். மனசுக்குள் போட்டு வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். எடுக்கிற நேரத்தில் எடுப்பாள்.

அவள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஏணி.

ஏணி என்பது பட்டப்பெயர். அவ்வளவு உயரம். குதித்து அடித்தால் பந்து எங்கே போனது என்று சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சின்ன ஊர்ப் போட்டியில் அவளைப் பார்த்துக் கையோடு கூட்டி வந்தது கோச்சக்காதான். ஏணியின் அம்மா துணிக்கடையில் துணி மடித்து அடுக்குகிற வேலை செய்பவள். அன்றைக்கே மனசைத் திறந்து கேட்டிருந்தாள். "ஒரு ஃபேக்டரி டீம்ல வேலையோட கூப்பிடுறாங்கக்கா. அதை விட்டுட்டு காலேஜுக்கு அனுப்பலாமா? எனக்கு ஒண்ணும் புரியல."

"அனுப்புங்க. படிச்சுட்டு ஆடட்டும். நான் இருக்கேன்," என்றாள் கோச்சக்கா.

அந்த வார்த்தையை நம்பித்தான் அந்த அம்மா மகளின் பெட்டியை ஹாஸ்டலில் கொண்டுவந்து வைத்தாள். சீட்டும் ஹாஸ்டலும் ஆட்டத்துக்காகக் கிடைத்தவை. அணியில் இல்லையென்றால் இரண்டும் இல்லை.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி வந்தது. அணியை முடிவு செய்ய ஒன்பது பேர் கொண்ட தேர்வுக்குழு கூடியது. கோச்சக்கா அதில் சிறப்பு அழைப்பாளர். பேசலாம், ஓட்டுப் போட முடியாது.

முதல் இடம் தலைவரின் பேத்திக்கு. விவாதமே இல்லை. பாவம், அந்தப் பெண் முந்தின நாளே கோச்சக்காவிடம் வந்து அழுதிருந்தாள். "மேடம், எனக்குப் பந்துன்னாலே பயம். தாத்தாகிட்ட எப்படியாவது சொல்லுங்களேன்." அடுத்த இடங்கள் நன்கொடையாளர் ஒருவரின் மகளுக்கு, நூலகரின் தங்கைக்கு, வருகைப் பதிவில் முதலாவதாக வந்த ஒரு பெண்ணுக்கு. ஏணியின் பெயர் வந்தபோது முதல்வர் பெருமூச்சு விட்டார்.

"நல்ல பொண்ணுதான். ஆனா குரூப் போட்டோல இடிக்குதே மேடம். இவளை ஃப்ரேமுக்குள்ள கொண்டுவந்தா கீழ உட்கார்ந்திருக்கிற தலைவரோட காலு வெட்டுப்படுது. காலை வச்சா இவ தலை வெட்டுப்படுது. போட்டோகிராஃபர் எழுதியே குடுத்துட்டார்."

கோச்சக்கா தன் காதையே நம்பவில்லை. "சார், இது வாலிபால். உயரம்தான் முதல் தகுதி."

"அப்படிப் பொத்தாம்பொதுவாச் சொல்லக்கூடாதும்மா," என்றார் தலைவர் கனிவாக. அவர் உயரம் மேசைக்குச் சற்று மேலே. "உயரத்தைத் தகுதின்னு வச்சுட்டா மத்தவங்க மனசு என்ன பாடுபடும்? இந்த நிறுவனம் யாரையும் உயர்த்தி வச்சுப் பார்த்ததே இல்ல. அதுதான் நம்ம கொள்கை."

குழு மேசையைத் தட்டியது.

முதல் சுற்றிலேயே தோற்றார்கள். எதிரணி பந்தைப் போட்டதும் பேத்தி கண்ணை மூடிக்கொண்டாள். நூலகரின் தங்கை பந்தைப் பிடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் வாசலில் பேனர் ஏறியது: 'மாபெரும் போட்டியில் பங்கேற்றுச் சாதனை.' அதே நாளில் கோச்சக்காவிடம் விளக்கம் கேட்டு விசாரணைக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. தேசியப் பயிற்சியாளர் இருந்தும் அணி எப்படித் தோற்கத் துணிந்தது என்பது கேள்வி.

ஏணியின் ஹாஸ்டல் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கோச்சக்கா முதல்வர் அறைக்கும் தலைவர் அறைக்கும் நடையாய் நடந்தாள். விதி என்றார்கள். ஏணியின் அம்மா கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துப்போக வந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பாள் என்று கோச்சக்கா எதிர்பார்த்தாள். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க, பாவம்," என்றாள் அந்த அம்மா. பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் 'பாவம்' கோச்சக்காவின் நெஞ்சில் முள்ளாக நின்றது. கண்ட நாடுகளிலெல்லாம் தோற்றிருக்கிறாள், யாரும் அவளைப் பார்த்துப் பாவப்பட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போய், சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வேலையை விட்டுடு," என்றார் பல் டாக்டர். "நகராட்சி கிரவுண்டு காலையில சும்மாதான் கிடக்கு. பிள்ளைங்க அங்க வரட்டும்."

"விடத்தான் போறேங்க. ஆனா இப்படியே விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

அவர் மனைவியின் முகத்தைக் கவனமாகப் பார்த்தார். சொத்தைப் பல்லைப் பார்க்கிற பார்வை. "வேரோட எடுக்கணும்கிற. சரி, அவசரப்படாத. வாயைத் தானா திறப்பாங்க."

திறந்தார்கள். அமைச்சர் தேதி கொடுத்துவிட்டார். உள்ளரங்கத் திறப்பு விழாவில் காட்சி ஆட்டம் ஒன்று வைக்க வேண்டும் என்று தலைவருக்கு யோசனை தோன்றியது. நிர்வாகக் குழு ஒரு பக்கம், மாணவியர் ஒரு பக்கம். நிர்வாகம் ஜெயிக்கும், அமைச்சர் கைதட்டுவார், பத்திரிகைகளில் படம் வரும். முதல்வர் கோச்சக்காவைக் கூப்பிட்டு விளக்கினார்.

"நீங்க எங்க டீமுக்குத்தான் கோச் மேடம். அழைப்பிதழ்ல அப்படித்தான் போடுறோம். தேசியக் கோச் பக்கத்துல உட்கார்ந்தாத்தான் எங்களுக்குக் கௌரவம்."

"சரி சார்."

"நடுவரும் பெரிய லெவல்ல இருக்கணும்."

"எனக்குத் தெரிஞ்ச சர்வதேச நடுவர் ஒருத்தர் இருக்கார். கூப்பிடுறேன் சார்."

"அப்புறம் முக்கியமான விஷயம். போட்டோகிராஃபர் எல்லாரும் தலைவரைச் சுத்தித்தான் நிப்பாங்க. அதனால பந்து எப்பவும் தலைவர் பக்கமே போகணும். எக்காரணம் கொண்டும் வேற யார் பக்கமும் போயிடக் கூடாது. பிள்ளைங்ககிட்டக் கண்டிப்பாச் சொல்லிடுங்க."

கோச்சக்கா மிகவும் பணிவாகக் கேட்டாள். "இதை நீங்களே பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லா இருக்கும் சார்."

முதல்வர் சொன்னார். மைக் வைத்தே சொன்னார்.

"மாணவியர் டீமுக்குத் தேர்வுக்குழு எப்ப சார் கூடுது?"

"தோக்கிற டீம்தானே மேடம்," என்று முதல்வர் சிரித்தார். "அதுக்கெதுக்குத் தேர்வுக்குழு? நீங்களே யாரையாவது போட்டுக்கோங்க."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக அவள் சொல் நின்றது. பஸ் ஷெட்டில் விழுந்து எழுந்த ஆறு பேரைப் போட்டாள். ஆறாவது ஆளாக, காலேஜ் ரிஜிஸ்டரில் இன்னும் பெயர் அடிக்காமல் இருந்த ஏணியைப் போய் வீட்டிலிருந்து அழைத்து வந்தாள். கூடவே அம்மாவையும் அழைத்து, கேலரியில் முன்வரிசையில் உட்காரச் சொன்னாள்.

விழா நாளில் அமைச்சர் ரிப்பன் வெட்டினார். தலைவர் அரைமணி நேரம் பேசினார். விளையாட்டில் வெற்றி தோல்வி முக்கியமில்லை, ஆகையால் நிர்வாகம் ஜெயிப்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். பிறகு புத்தம்புது வெள்ளை ஷூவில் களம் இறங்கினார். முதல்வர், கணக்கு அதிகாரி, துணைத்தலைவர், இன்னும் இரண்டு உறுப்பினர்கள் பின்னால் வந்தார்கள். மாற்று ஆட்டக்காரர் என்று யாருமில்லை. மாற்று என்றால் ஒரு படி கீழே என்று பொருளாம், குழுவில் யாரும் சம்மதிக்கவில்லை.

தலைவர் பின்வரிசையில் நட்டநடுவே நின்றார். மற்ற ஐவரும் மரியாதைக்காக ஆளுக்கு இரண்டடி ஒதுங்கிக்கொண்டார்கள்.

நடுவர் ஒல்லியானவர். வலையைத் தொட்டதற்காகச் சொந்த அண்ணன் மகளிடமே புள்ளியைப் பறித்தவர், அண்ணன் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. அவர் ஊதினார். முதல் சர்வீஸ் ஏணிக்கு. அவள் பந்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோச்சக்காவைப் பார்த்தாள். கோச்சக்கா கண்ணை மூடித் திறந்தாள்.

பந்து தலைவர் பக்கம் போனது.

போனது என்பது மரியாதைக்காகச் சொல்வது. டமார் என்று ஒரு சத்தம் கேட்டது, தலைவர் உட்கார்ந்திருந்தார். வயிற்றில் பட்ட பந்து கேலரி வரைக்கும் போய் நின்றது. கேமராக்கள் மின்னின. அமைச்சர் கைதட்டினார். தலைவர் எழுந்து, அடி தனக்குப் பிடித்த மாதிரி சிரித்தார்.

இரண்டாவது தோளில். மூன்றாவதுக்கு அவர் விலகப் பார்த்தார், பளிங்கு விடவில்லை. இரண்டு காலும் இரண்டு திசையில் கிளம்ப, பந்து முதுகில் இறங்கியது. நான்காவதுக்கு அவர் முதல்வரின் முதுகுக்குப் பின்னால் போனார். முதல்வர், "ஐயா, படத்துல மறைக்கிறேன்," என்று உடனே விலகிக் கொடுத்தார்.

வாலிபாலில் ஒரு விதி உண்டு. சர்வீஸ் போடுகிற பக்கம் புள்ளி எடுத்துக்கொண்டே இருக்கிறவரைக்கும் அதே ஆள்தான் போட்டுக்கொண்டிருப்பார். எதிர்ப்பக்கம் யாரும் இடம் மாறவும் முடியாது. ஆகவே ஏணி போட்டுக்கொண்டே இருந்தாள். தலைவர் நின்ற இடத்திலேயே வாங்கிக்கொண்டே இருந்தார். மற்ற ஐந்து பேரும் அந்த நேரத்தில் என்ன பண்ணுவார்கள் என்பது கணக்கு அதிகாரிக்கு அன்று தெரிந்தது. பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முதல்வர் வழுக்கி வழுக்கிப் பெஞ்சுக்கு வந்தார். வேர்வை கொட்டியது. "மேடம், ஆட்டத்தை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க!"

"டைம் அவுட்டா சார்? கோச்தான் கேக்கணும்."

"நீங்கதானே கோச்!"

"ஆமா சார். ஆனா நான் சிறப்பு அழைப்பாளர். குழு கூடி முடிவெடுக்கட்டும், நான் கடைசியா என் வார்த்தையைச் சொல்றேன்."

"மேடம், ஐயா செத்துருவார்!"

"சாக மாட்டார் சார். என் பிள்ளைங்களுக்கு எங்க அடிக்கணும்னு தெரியும்."

அதைச் சொன்னபோது அவள் குரலில் கோபம்கூட இல்லை. நாள்பட்ட பசிக்கு நல்ல சாப்பாடு கிடைத்தவளைப்போலக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சத்தமும் அவளுக்குத் தித்தித்தது. இது பூட்டின கதவுக்கு. இது காமர்ஸ் சீட்டுக்கு. இது போட்டோவில் வெட்டுப்பட்ட தலைக்கு. கேலரியில் ஏணியின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா என்று பார்த்தாள். இல்லை, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் நின்ற முள் அப்போதுதான் கழன்றது.

நடுவர் இருபத்தைந்துக்குப் பூஜ்யம் என்று கைகாட்டினார்.

அமைச்சர் எழுந்தேவிட்டார். "யாருங்க இந்தப் பொண்ணு? போன போட்டியில ஆடினாளா?"

தலைவர் மூச்சு வாங்க வாங்க மைக்கைப் பிடித்தார். பிடித்ததும் குரல் தானாகத் திரும்பிவிட்டது. "ஐயா, இவ எங்க கண்டுபிடிப்பு! ஆரம்பத்துலேருந்தே இந்தக் குழந்தையை நாங்கதான் ஒளிச்சு... பொத்திப் பொத்தி வச்சிருந்தோம். படிப்பு முடியிறவரைக்கும் இவளுக்கு சீட்டும் ஹாஸ்டலும் இந்த நிறுவனத்தோட கடமை! இதை அமைச்சர் ஐயா முன்னாடி அறிவிக்கிறேன்!"

கேமராக்கள் மின்னின. ஏணி திரும்பிக் கோச்சக்காவைப் பார்த்தாள்.

"வாங்கிக்கோ. யாரோட தயவும் இல்ல, உனக்கு வரவேண்டியது," என்றாள் கோச்சக்கா.

"இத்துடன்," என்றார் தலைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இந்த நட்பு ஆட்டம் இனிதே நிறைவு..."

நடுவர் ஊதினார். அரங்கமே அதிர்ந்தது.

"யார் சொன்னது நிறைவுன்னு? முடிஞ்சது முதல் செட். ஜெயிக்க மூணு செட் வேணும். ரெண்டு பக்கமும் இடம் மாறுங்க."

தலைவர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் கணக்கு அதிகாரியைப் பார்த்தார். கணக்கு அதிகாரி வலையைப் பார்த்தார். அமைச்சர் ஆவலோடு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கோச்சக்கா எழுந்து வந்து, தலைவரின் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கி மேசைமேல் வைத்தாள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"கொஞ்சம் முட்டியை மடக்கி நில்லுங்க சார்," என்றாள் அக்கறையோடு. "ரெண்டாவது செட்ல அவ இன்னும் நல்லாப் போடுவா."

வலைக்கு அந்தப் பக்கம் ஏணி பந்தை ஜெர்சியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.